கேள்வி – பதில்: காணொலியில் விசாரணையா, நேரில் விசாரணையா?

காவல் துறை விசாரணைக்கு நேரில்தான் போக வேண்டுமா, செல்பேசித் திரையில் பேசினால் போதாதா என்று சென்ற மாதத்தில் பல வாசகர்கள் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தார்கள். அவற்றில் ஆறு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: தென் மாவட்ட ஊர் ஒன்றில் நடந்த சாலை விபத்தை நேரில் பார்த்த என் தந்தைக்கு 68 வயது. இப்போது எங்களோடு ஓசூரில் இருக்கிறார். வாக்குமூலம் கொடுக்க அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லித் தொலைபேசியில் அழைக்கிறார்கள். வீடியோ காலில் சொன்னால் ஆகாதா? – ஓசூர் வாசகி

பதில்: முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தந்தை அங்கே போக வேண்டிய கட்டாயமே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவின்படி, 60 வயதைக் கடந்த ஆண்கள், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லிச் சாட்சி விசாரணைக்குக் கட்டாயப்படுத்த முடியாது. பழைய சட்டத்தில் 65 ஆக இருந்த வயது வரம்பைப் புதிய சட்டம் 60 ஆகக் குறைத்திருக்கிறது. அதே பிரிவில் இன்னொரு வரம்பும் உண்டு. அதிகாரி தன் நிலைய எல்லைக்குள்ளோ அதை ஒட்டிய நிலைய எல்லைக்குள்ளோ இருப்பவரைத்தான் எழுத்து மூலமாக அழைக்க முடியும். ஓசூர் அந்த எல்லைக்குள் வராது என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

ஆகவே ஒன்று அதிகாரி ஓசூருக்கு வர வேண்டும், அல்லது காணொலியில் கேட்க வேண்டும். இரண்டாவதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. காவல் துறையினர் இன்னமும் பழக்கத்தில், பழைய சட்டப் பிரிவின் எண்ணால், '161 வாக்குமூலம்' என்று சொல்லும் சாட்சி வாக்குமூலம் இப்போது 180-ஆம் பிரிவில் வருகிறது. அதை ஒலி-ஒளி மின்னணு முறையில் பதிவு செய்யலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது, காணொலி உரையாடலும் அந்த முறைக்குள் அடங்கும் என்று சட்டத்தின் தொடக்கத்திலேயே விளக்கமும் தரப்பட்டிருக்கிறது. ஆனால் 'செய்யலாம்' என்பது அதிகாரிக்குத் தரப்பட்ட அனுமதியே ஒழிய, சாட்சி கேட்டுப் பெறும் உரிமை அல்ல. தந்தையின் வயதையும் இப்போதைய முகவரியையும் குறிப்பிட்டு, காணொலியில் வாக்குமூலம் தரத் தயார் என்று காவல் ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஒரு சாதாரண விபத்து வழக்குக்காக ஒரு காவலரை அத்தனை தூரம் அனுப்புவதைவிட எந்த ஆய்வாளரும் இதையே விரும்புவார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: காணொலி விசாரணை சட்டப்படி செல்லும் என்றால், சீருடையில் திரையில் தோன்றி "நான் சி.பி.ஐ. அதிகாரி, கேமராவை அணைக்கக் கூடாது" என்று மிரட்டுகிறவனை எப்படி அடையாளம் காண்பது? என் நண்பர் ஒருவர் இப்படித்தான் ஏமாந்தார். – சென்னை வாசகர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

பதில்: மோசடிக்காரர்கள் இந்த இடைவெளியில்தான் புகுந்திருக்கிறார்கள் என்பதால் உங்கள் கேள்வி மிகவும் முக்கியமானது. உண்மையான விசாரணைக்கும் இந்த நாடகத்துக்கும் உள்ள வேறுபாடு திரையில் தெரியாது. திரைக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றில்தான் தெரியும். உண்மையான அழைப்பு முறையான நோட்டீஸோடு தொடங்கும். சாட்சியை அழைக்கும் 179-ஆம் பிரிவு நோட்டீஸானாலும், குற்றம் சாட்டப்பட்டவரை அழைக்கும் 35-ஆம் பிரிவு நோட்டீஸானாலும், வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறையாகச் சேர்ப்பித்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. எனவே வாட்ஸ்அப்பில் முத்திரையோடு வரும் 'கைது ஆணை' வெறும் படம்தான்.

'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது; பிரதமரே 2024 அக்டோபரில் தம் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். கைது என்பது ஓர் ஆள் இன்னோர் ஆளை நேரில் காவலில் எடுப்பது. சாட்சியாகவே அழைக்கப்பட்டாலும் எந்த அதிகாரியும் உங்கள் வங்கி இருப்பைச் 'சரிபார்க்க' வேறு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார், வீட்டில் யாருக்கும் சொல்லாதே என்று கட்டளையிட மாட்டார், இரவு முழுவதும் கேமரா முன் உட்கார வைக்கவும் மாட்டார். சந்தேகம் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அழைத்தவர் தந்த எண்ணை விட்டு, நீங்களே தேடி எடுத்த எண்ணில் அந்தக் காவல் நிலையத்தைக் கேளுங்கள். அதிகாரி உண்மையானவராக இருந்தால் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும்.

கேள்வி: நான் காவல் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். எதிரில் உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்தாலே பொய் தெரிந்துவிடும். செல்பேசித் திரையில் என்ன தெரியும்? – திருநெல்வேலி வாசகர்

பதில்: உங்கள் அனுபவத்துக்கு மதிப்பளித்தே மறுக்கிறேன். கண்ணைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மிகவும் பலவீனமானது. பாண்ட், டிபாலோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொய்யையும் உண்மையையும் பிரித்தறிவதில் மக்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாக இருந்தார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். அதைத் தொழிலாகவே கொண்டவர்களும் இதில் மேம்பட்டிருக்கவில்லை. அதைவிடச் சுவையான செய்தி, பேச்சைக் கேட்காமல் முகத்தை மட்டும் பார்த்தவர்களைக் காட்டிலும், பேச்சைக் கேட்டவர்களே கூடுதலாகச் சரியாகக் கணித்தார்கள் என்பது.

ஆனாலும் நீங்கள் தொட்ட இடத்தில் வேறோர் ஆபத்து இருக்கிறது. செல்பேசியில் கேமரா திரைக்கு மேலே இருப்பதால், அதிகாரியின் முகத்தையே பார்த்துப் பேசும் சாட்சியின் கண்கள், அதிகாரியின் பக்கத்தில் கீழ்நோக்கித் தாழ்ந்தவைபோலத் தெரியும். கண்ணைத் தவிர்ப்பவன் பொய்யன் என்று பழகிய அதிகாரி, நேர்மையான சாட்சியைச் சந்தேகிக்க இந்தக் கருவியே வழி செய்துவிடுகிறது.

காணொலியில் உண்மையிலேயே இழப்பது வேறு. சாட்சி வீட்டில் சொம்பின் மேல் சாய்த்து வைத்த செல்பேசிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். கார் என்ன நிறம் என்று கேட்டதும் ஒரு நொடி தயங்குகிறார். திரைக்கு வெளியே இருந்து, "வெள்ளைன்னு சொல்லுங்க மாமா" என்று மெல்லிய குரல் வருகிறது. அதிகாரி எதிரில் இருந்திருந்தால் அந்த மருமகனை வெளியே அனுப்பியிருப்பார். இதற்குத் தீர்வு எளிது. தொடக்கத்திலேயே கேமராவை அறை முழுவதும் சுற்றிக் காட்டச் சொல்ல வேண்டும், அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பதிவிலேயே சொல்ல வைக்க வேண்டும், இணைப்பு அறுந்தால் அறுந்த நேரத்தையும் மீண்ட நேரத்தையும் குறிக்க வேண்டும். இது எதுவும் செய்யாத காணொலி வாக்குமூலத்தைக் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள்.

அதேபோல, பார்வை மகஜரையும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு) மாதிரி வரைபடத்தையும் மேசையில் விரித்து, "நீங்கள் நின்ற இடத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பது நேரில்தான் நன்றாக அமையும். சாட்சி விரலை வைக்கும் இடத்திலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கிறது. எனவே நினைவை மட்டும் சொல்ல வேண்டிய சாட்சிக்குத் திரை போதும், இடத்தையும் பொருளையும் காட்ட வேண்டிய சாட்சியை நேரில் சென்று பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. விசாரணைக் கட்டம் இருக்கட்டும், நீதிமன்ற சாட்சியத்தையே காணொலியில் பதிவு செய்யலாம் என்று மகாராஷ்டிர அரசு – டாக்டர் பிரபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் ஏற்றுக்கொண்டது. அங்கே சாட்சி அமெரிக்காவில் இருந்த ஒரு மருத்துவர்.

கேள்வி: காணொலி வாக்குமூலத்தில் கையெழுத்து எப்படிப் போடுவது? – கரூர் வாசகர்

பதில்: போட வேண்டாம். காவல் அதிகாரியிடம் சாட்சி தரும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181-ஆம் பிரிவு சொல்கிறது; நேரில் எழுதியதற்கும் இதே விதிதான். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்; அது காவல் துறையின் வேலை.

கேள்வி: பாலியல் தொல்லைக்கு ஆளான ஒன்பது வயதுக் குழந்தையை நேரில் கேட்பது நல்லதா, காணொலியிலா? – கோவை வாசகி, பள்ளி ஆசிரியை

பதில்: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு இதைப் பெருமளவு தீர்த்துவைத்திருக்கிறது. குழந்தையின் வீட்டிலோ, அது வழக்கமாகத் தங்கும் இடத்திலோ, அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வாக்குமூலம் பெற வேண்டும். இயன்ற இடத்தில் அதை ஒலி-ஒளியாகப் பதிவு செய்யவும் 26-ஆம் பிரிவு சொல்கிறது. பயிற்சி பெற்றவர் திறந்த கேள்விகளைக் கேட்டால், பள்ளி வயதுக் குழந்தைகள் திரையிலும் நேரில் சொல்வதைப் போலவே துல்லியமாகச் சொல்கிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகள் சில காட்டியுள்ளன. ஆனால் அவற்றில் குழந்தை பாதுகாப்பான ஓர் அறையில் இருந்தது. நம் வழக்குகளில் தொல்லை தந்தவர் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர்; அவர் அதே வீட்டில், கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கவும் கூடும். ஆகவே குழந்தையின் முதல் வாக்குமூலத்தைக் காணொலியில் பெறுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: துபாயில் வேலை செய்யும் என் தம்பி மீது குடும்பத் தகராறு வழக்கு. 35(3) நோட்டீஸ் வந்திருக்கிறது. காணொலியில் ஆஜராகலாமா? – இராமநாதபுரம் வாசகர்

பதில்: குற்றம் சாட்டப்பட்டவரின் நிலைமை சாட்சியின் நிலைமையிலிருந்து வேறுபட்டது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸ், அதிகாரியின் முன்போ நோட்டீஸில் குறிப்பிட்ட வேறிடத்திலோ ஆஜராகச் சொல்வது. காணொலி என்பது அதிகாரி ஒப்புக்கொண்டால் மட்டுமே நடக்கும். நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு நடப்பவரை, காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்யக் கூடாது என்பது அதே பிரிவில் உள்ள பாதுகாப்பு. பதிலே சொல்லாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கைதான பிறகு மட்டும் காணொலியை யாரும் சலுகையாக நினைக்க வேண்டாம். 187-ஆம் பிரிவைப் படித்தால் சட்டம் கோடு கிழித்திருக்கும் இடம் தெரியும். நீதிமன்றக் காவலை நீட்டிக்கக் கைதியைக் காணொலியில் காட்டினால் போதும். ஆனால் போலீஸ் காவலுக்கு அனுப்ப வேண்டுமானால், முதல் முறையும் அதன்பின் ஒவ்வொரு முறையும் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நேரில் நிறுத்தியே ஆக வேண்டும். பேச்சைத் திரையில் கேட்டுவிடலாம், முதுகில் இருக்கும் காயத்தைத் திரையில் பார்க்க முடியாது என்பதுதான் இதன் காரணம். நேரில் நிறுத்துவதும் சடங்காகிவிட்டால் பயனில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் ரிமாண்டு செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போன பிறகுதான் உயிரிழந்தார்கள். அந்த நிலையத்தின் கண்காணிப்பு கேமராப் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன என்று விசாரித்த நடுவர் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

உங்கள் தம்பிக்கு வருவோம். விடுப்பு எப்போது கிடைக்கும், எந்தத் தேதியில் ஊருக்கு வர முடியும் என்பதைக் குறிப்பிட்டு, அதுவரை வழக்கறிஞர் உடனிருக்கக் காணொலியில் பதில் சொல்லத் தயார் என்று வழக்கறிஞர் மூலம் நோட்டீஸில் உள்ள தேதிக்கு முன்பே எழுதிக் கொடுக்கட்டும். கடிதத்தோடு பணி அனுமதியின் நகலையும் இணைக்கட்டும்; பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.