ஏடிஎச்டி: வேலை முடிந்து வந்ததும் முடங்கிப்போவது, பேச ஆளில்லாதது

ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) இருக்கிறது, நாகர்கோவிலில் வேலை முடிந்து மார்த்தாண்டம் வீட்டுக்கு வந்ததும் முடங்கிவிடுகிறேன், பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை, பேசவும் ஆளில்லை என்கிறீர்கள். பரீட்சைப் படிப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நாகர்கோவிலில் பஸ் ஏறும் முன்பே, இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

வந்ததும் படுக்கையில் விழுவது சோம்பல் இல்லைங்க. பகல் முழுக்கக் கவனத்தை இழுத்துப் பிடிப்பதும், மறதியை மற்றவர்களிடம் மறைப்பதும் சக்தியைத் தின்றுவிடும். மதியச் சாப்பாடும் விட்டுப்போகிறதா? ஏடிஎச்டி மாத்திரை பலருக்குப் பசியையே மழுக்கிவிடும். ஒரு வாரம் சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம், முடங்கிய நேரம் குறித்துப் பாருங்கள்.

படிக்கும்போது துணைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏடிஎச்டி இருக்க வேண்டியதில்லை. நூலகத்தில் ஒரே மேசையில் அவரவர் வேலையைப் பார்த்தாலே போதும்; உறவு அங்கிருந்துதான் வளரும். மனம்விட்டுப் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே, இலவசம்.

தைராய்டு, ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.