வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அஜைல் டீமை எப்படி நடத்துவது? எந்த டூல் நல்லது?

ஸ்டாண்ட்-அப்பில் (தினமும் நடக்கும் சின்ன மீட்டிங்கில்) எல்லோரும் "நோ ப்ளாக்கர்ஸ்" (தடை எதுவும் இல்லை) என்கிறார்கள், ஸ்பிரின்ட் (சில வார வேலைச் சுற்று) முடியும்போது பாதி டிக்கெட் (ஆளுக்குப் பிரித்துக் கொடுத்த வேலை) அப்படியே நிற்கிறது என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். நான் அதில் அடிபட்டவள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: அஜைல் என்பது சாஃப்ட்வேர் வேலையைச் சின்னச் சின்னச் சுற்றாகப் பிரித்துச் செய்யும் முறை, ஸ்க்ரம் அதில் ஒரு வகை.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. நேற்று வரை கோடிங் செய்துகொண்டிருந்தவரைப் பிடித்து லீடு ஆக்கியிருப்பார்கள். மேலே மேனேஜர் தினமும் பர்ன்-டவுன் சார்ட் (மீதி வேலை நாளுக்கு நாள் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும் கோடு) கேட்பார். கீழே ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். டீம்ஸில் (ஆபீஸ் சாட், மீட்டிங் ஆப்) யாருக்குப் பச்சைப் புள்ளி, அதாவது ஆள் இருக்கிறார், யாருக்கு மஞ்சள், அதாவது ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். முதலில் அதை விடுங்கள். சில நிமிடம் மவுஸையும் கீபோர்டையும் தொடாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். பேப்பரில் எழுதிப் பார்த்து யோசிக்கிறவருக்கும் மஞ்சள்தான், தூங்குகிறவருக்கும் மஞ்சள்தான்.

நான் மதுரையில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஸ்க்ரம் மாஸ்டர், அதாவது டீமின் வேலை தடையில்லாமல் நடக்கப் பார்த்துக்கொள்கிறவள். டீமில் எட்டுப் பேர். மூவர் சென்னை, மற்றவர்கள் கும்பகோணம், ராஜபாளையம், நெல்லூர் என்று சிதறிக் கிடக்கிறோம். கிளையன்ட் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் நமக்கு அது 7:30 ஆகிவிடும். ஸ்டாண்ட்-அப் அந்த நேரத்தில்தான், ப்ராடக்ட் ஓனர் (என்ன வேண்டும் என்று முடிவு செய்யும் கிளையன்ட் பக்கத்து ஆள்) முன்னால், இங்கிலீஷில்.

2022 நவம்பரில் ஒரு இரண்டு வார ஸ்பிரின்ட். ராஜபாளையத்துப் பெண்ணிடம் ஒரு சின்ன டிக்கெட் இருந்தது. க்ளெய்ம் ஃபார்மில் பிறந்த தேதி ஒரு நாள் குறைவாகத் தெரிகிறது, சரி செய்ய வேண்டும். அவ்வளவுதான். அவள் லாக்டவுனில் சேர்ந்தவள், ஆபீஸை நேரில் பார்த்ததே இல்லை. தினமும் அவள் முறை வரும். மியூட்டை எடுப்பாள், "வொர்க்கிங் ஆன் த சேம், நோ ப்ளாக்கர்ஸ்" என்பாள், உடனே மியூட். மூன்று விநாடிகூட இருக்காது. ஒன்பது நாள் இதையே சொன்னாள். ஒன்பது நாளும் நான் என் நோட்டில் "தடை இல்லை" என்று எழுதினேன். பர்ன்-டவுன் கோடு இறங்காமல் அப்படியே படுத்துக் கிடந்ததை நானும்தான் பார்த்தேன். வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

ஸ்பிரின்ட் முடிவில் செய்ததைக் காட்டும் ரிவ்யூவில் ப்ராடக்ட் ஓனர் அந்த டிக்கெட்டைக் கேட்டார். அவள் பேசவில்லை. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் காலை 11 மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன். டீம்ஸில் இல்லை, சாதாரண போனில். எடுத்தவுடன் கடகடவென்று ஒரு சத்தம். அம்மா பிளவுஸ் தைக்கிறார்கள் என்றாள். முகூர்த்த சீசன், ராத்திரி வரை தையல் மிஷின் ஓடுமாம். வீட்டில் இருப்பது ஒரே கூடம். மியூட்டை எடுத்தால் அமெரிக்காக்காரர் காதில் அந்தச் சத்தம் விழும் என்றுதான் மூன்று விநாடியில் பேசி முடித்திருக்கிறாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சரி, டிக்கெட்ல என்னம்மா சிக்கல்?"

"அக்கா, எனக்கு சரியாத்தான் வருது. அவங்களுக்கு மட்டும் ஒரு நாள் குறையுது. ஜூன் 12னு போட்டா இங்க 12தான் காட்டுது. இத இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. என் மிஷின்ல சரியா வருதுன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கன்னு சொல்லல."

சென்னையிலிருந்த சீனியர் ஒருவரையும் அதே போன் பேச்சில் சேர்த்தேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "லேப்டாப் டைம்ஜோனை நியூயார்க்குக்கு மாத்திட்டு பேஜை ரீலோடு பண்ணும்மா" என்றார். மாற்றினாள். 12 என்பது 11 ஆனது. வருடம்-மாதம்-நாள் என்ற வடிவில் தேதியை மட்டும் கொடுத்தால், பேஜை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கிரீன்விச் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நமக்கு அதே நாள் விடிகாலை 5:30, அதனால் சரியாகத் தெரியும். ஜூன் மாதத்தில் நியூயார்க்குக்கு அது முந்தின நாள் இரவு 8 மணி. பிறந்த நாளே ஒரு நாள் பின்னால் போய்விடுகிறது. பத்து நிமிட வேலை. அந்தப் பெண் ஒன்பது நாள், தனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, ராத்திரி 12 மணி வரை உட்கார்ந்திருக்கிறாள்.

ஆபீஸாக இருந்திருந்தால் பக்கத்து சீட்காரர் டீ குடிக்கப் போகும்போது அவள் முகத்தைப் பார்த்தே கேட்டிருப்பார். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் டீமில் அந்தப் பக்கத்து சீட் வேலையை யாராவது பொறுப்பாகச் செய்ய வேண்டும். அதைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் மாற்றியதைச் சொல்கிறேன். காலை 11:30க்கு எங்களுக்குள் 15 நிமிடம், கிளையன்ட் கிடையாது. தமிழில் பேசலாம். கிளையன்டோடு மாலை மீட்டிங் செவ்வாய், வியாழன் மட்டும். மற்ற நாளில் டிக்கெட்டிலேயே இரண்டு வரி எழுதிவிடுவோம். "ப்ளாக்கர் இருக்கா?" என்று நான் கேட்பதே இல்லை. அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் யாருக்கும் வாயில் வரும். எல்லா டிக்கெட்டும் வரிசையாகத் தெரியும் போர்டைத் திறந்து, முடியப் போகிற டிக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக வருவோம். "இதை முடிக்க யார் கூட உட்காரணும்?" என்று கேட்பேன். இரண்டு நாள் ஒரு டிக்கெட் அசையவில்லை என்றால் போன் செய்வேன். சாட்டில் கேட்டால் "ஆல்மோஸ்ட் டன்" என்று வரும். போனில் குரல் சொல்லிவிடும்.

ஸ்க்ரமை மீறுகிறாய் என்று சிலர் சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்ற அந்த மூன்று கேள்வியை ஸ்க்ரமுக்கு அடிப்படையான ஸ்க்ரம் கைடு என்ற வழிகாட்டியே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. டெய்லி ஸ்க்ரம், அதாவது இந்த ஸ்டாண்ட்-அப், டெவலப்பர்களுக்கானது என்றும் அதிலேயே இருக்கிறது. அது கிளையன்டுக்கு ஒப்பிக்கும் மீட்டிங் அல்ல. தமிழில் பேசினால் நெல்லூர்க்காரரை ஒதுக்குவதாகாதா என்றும் கேட்பீர்கள். அவர் நான்கு வருடம் சென்னையில் படித்தவர், நம்மைவிட வேகமாகப் பேசுவார். இருந்தாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம். முடிவானது எல்லாம் இங்கிலீஷில் டிக்கெட்டில் ஏறிவிடும். தமிழ் தெரியாதவர் டீமில் இருந்தால் இதை அப்படியே செய்யாதீர்கள். அவரவர்க்குப் பயமில்லாத மொழியில் ஒரு இடம் வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

இன்னொரு வாதமும் வரும். 2001 பிப்ரவரியில் யூட்டாவில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் மேனிஃபெஸ்டோ என்ற அடிப்படை அறிக்கையின் கொள்கைகளிலேயே, நேருக்கு நேர் பேசுவதுதான் சிறந்தது என்று இருக்கிறதே, அப்புறம் ரிமோட்டில் அஜைல் ஏது என்பார்கள். எனக்கு இதில் கோபமே வரும். நம் ஊர் ஐடியில் ரிமோட் என்பது 2020 மார்ச்சில் வந்ததா? அதற்கு முன்னால் கிளையன்ட் நம் பக்கத்து சீட்டிலா உட்கார்ந்திருந்தார்? சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கர் போனைச் சுற்றி நின்று பேசியதும் ரிமோட்தான். அப்போது யாரும் மேனிஃபெஸ்டோவை எடுத்துக் காட்டவில்லை. ராஜபாளையத்துப் பெண் ராஜபாளையத்திலேயே இருந்து சம்பாதிக்கும்போது மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஸ்க்ரம் மாஸ்டர் என்று ஒரு ஆள் எதற்கு, மீட்டிங் வைப்பது ஒரு வேலையா என்றும் இந்தத் தளத்திலேயே பலர் எழுதியிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஜைல் பணியிடங்களை ஒரே அடியாக நீக்கியது. அன்றிலிருந்து எனக்கும் உள்ளூர பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. வெறும் மீட்டிங் வைப்பவர் வேண்டாம் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்தப் போனை யார் செய்வது? எங்கள் டீம் ஒரு ஸ்பிரின்டுக்கு 34 பாயின்ட் (வேலை எவ்வளவு பெரிது என்று டீமே போடும் மதிப்பு), இன்னொரு டீம் 52 என்று ஒப்பிட்டு எக்செல் போடுகிறவர் செய்யமாட்டார். ஸ்டோரி பாயின்ட் ஒவ்வொரு டீமுக்கும் தனி அளவுகோல். அதை வைத்து இரண்டு டீமை ஒப்பிடுவது தப்பு என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் போக மனசில்லை. வீட்டிலிருந்து வேலை என்றதும் சொந்தக்காரர்களுக்கும் தெருவுக்கும் நான் "வீட்ல இருக்கிறவ" ஆகிவிட்டேன். சிலிண்டர் வந்தால் நான், பக்கத்து வீட்டுக் கூரியர் வந்தால் நான், மாமியாருக்கு ரத்தப் பரிசோதனை என்றால் நான். என் வீட்டுக்காரரும் அடுத்த அறையில் லேப்டாப் முன்னால்தான் இருக்கிறார். "அவர் ஆபீஸ் வேலையா இருக்கார், தொந்தரவு பண்ணாத" என்கிறார்கள். மீட்டிங்கின் நடுவில் காலிங்பெல் அடித்தால் எழுந்து போவது நான்தான். உங்கள் டீமில் ஒரு பெண் கேமராவை ஆன் செய்யவில்லை என்றால் தயவுசெய்து கட்டாயப்படுத்தாதீர்கள். அவள் பின்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

எந்த டூல் என்று கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு ஜிராவும் (டிக்கெட்டுகளை வைத்துக்கொள்ளும் டூல்) டீம்ஸும்தான், அதற்கு மேல் எதுவும் வாங்கவில்லை. ரெட்ரோவுக்கு (ஸ்பிரின்ட் எப்படிப் போனது என்று டீம் திரும்பிப் பார்க்கும் மீட்டிங்குக்கு) மட்டும் பெயர் தெரியாமல் கார்டு எழுதிப் போடும் இலவச போர்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிசம்பர் ரெட்ரோவில் ஒரு கார்டு வந்தது: "7:30 மீட்டிங் பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரம்." யார் எழுதியது என்று இன்று வரை தெரியாது. ப்ராடக்ட் ஓனரிடம் சொன்னேன். குளிர்காலத்தில் தன் நேரம் 8 மணிக்கே வருகிறேன் என்று அன்றே ஒத்துக்கொண்டார். இரண்டு வருடமாக நாங்கள் யாருமே அவரிடம் கேட்டிருக்கவில்லை.