நூல் டப்பா

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை நான்கு வருடமாகப் படித்து வருகிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். துணைக்கு மொச்சை. இரண்டு வயதுப் பெண் பூனை. ஈசிஆர் ஓரம் மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்தவளைத் தூக்கி வந்தேன். ரோட்டுக்குப் பயந்து வெளியே விடுவதே இல்லை. நான் காலை எட்டரைக்குப் போனால் திரும்ப ஏழு மணி ஆகிவிடும். பகல் முழுக்க அவளுக்குப் போரடிக்குமே என்று மூன்று பொம்மைகள் வாங்கினேன். தானாக உருளும் பந்து, சுவரில் சிவப்புப் புள்ளியை ஓட்டும் லேசர், கம்பி முனையில் சுற்றும் பட்டாம்பூச்சி. சார்ஜ் போட்டு ஆன் செய்துவிட்டுப் போனால் போதும். முதல் வாரம் வீடே அமர்க்களம். இப்போது பந்தோ பட்டாம்பூச்சியோ ஓட ஆரம்பித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். லேசரை மட்டும் விடவில்லை. அது ஓடாத நேரத்திலும் அந்தச் சுவரையே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பாவமாக இருக்கிறது. (இறகு கட்டிய குச்சி ஒன்றும் இருக்கிறது. அதில் நூல் பாதியைக் காணோம், அதனால் எடுப்பதில்லை.)

இப்போது கேமரா வைத்த ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்பதாயிரம் ரூபாய். ஆபீசில் இருந்தபடியே ஃபோனில் லேசரை ஆட்டலாம், தின்பண்டம் வீசலாம். வாங்கலாமா? பூனையை வீட்டுக்குள் அடைத்து வளர்ப்பதே வன்முறை என்கிறாள் என் தோழி. அது சரியா? தானே புயல் பற்றி எழுதினீர்களே, அதன் அடுத்த பகுதி வருமா?

க., லாஸ்பேட்டை

அன்புள்ள க.,

அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். நூல் பாதியைக் காணோமாம், அதனால் எடுப்பதில்லையாம். அந்தப் பாதி எங்கே போயிற்று என்று தேட வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை. கடிதம் கிடைத்த அன்றிரவு பதினொரு மணிக்கு ஒரு கிழவன் ஏன் இப்படிப் பதறிப்போய் மெயில் போடுகிறான் என்று நினைத்திருப்பீர்கள். ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடைத்துவிட்டது என்று மறுநாள் பதில் போட்டீர்கள். உடனே இரண்டு துண்டையும் சேர்த்து அளந்து பாருங்கள், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் நீளம் வருகிறதா என்று கேட்டேன். நீங்கள் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பினீர்கள். ஆனாலும் அளந்தீர்கள், கணக்கு சரியாக வந்தது. நல்லது. இனி பேசலாம்.

முதலில் சில்லறை விஷயங்கள். தானே புயலின் அடுத்த பகுதி வராது. 2011 டிசம்பரில் விழுந்த பலா மரங்களை இன்னொரு முறை எண்ண எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்குள் வளர்ப்பது வன்முறையா என்ற விவாதத்துக்கும் நான் வரவில்லை. ஈசிஆரில் பஸ் போகிற வேகத்தை உங்கள் தோழி பார்த்ததில்லை போலிருக்கிறது. மொச்சை உள்ளேயே இருக்கட்டும்.

அப்புறம், பகல் முழுக்கப் போரடிக்கும் என்று உங்களிடம் யார் சொன்னது? பகலில் பூனை தூங்கும். வேட்டைக்கு அது எழுவது விடிகிற நேரத்திலும் அந்தி சாய்கிற நேரத்திலும்தான். எங்கள் கடலூரில் கெடிலம் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் கீழே கொக்கு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். அதற்குப் போரடிக்கிறது, ஒரு பந்து வாங்கிப் போடலாம் என்று யாராவது சொல்வார்களா? பூனையும் அந்த ஜாதிதான். சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் நமக்குத் தெரியும். அது அந்த நேரத்தில் வேலையில் இருக்கும். நீங்கள் பத்தரை மணி நேரம் வீட்டில் இல்லை, அது உங்களை உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்குத்தான் மூன்று பொம்மைகளையும் சார்ஜ் போட்டு ஓட விட்டிருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகனும் இதைத்தான் செய்தான். எங்கள் வீட்டுச் சிங்காரிக்கு அதே பட்டாம்பூச்சியை வாங்கி அனுப்பினான். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து ஓட விட்டேன். சிங்காரி ஐந்து நிமிஷம் துரத்தினாள். பிறகு ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு அதையே கவனித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். அது நிற்கவே இல்லை. இடமாகச் சுற்றியது, வலமாகச் சுற்றியது, மறுபடி இடமாகச் சுற்றியது. உலகத்தில் எந்த எலி, எந்தத் தட்டான், ஒரு பூனையைக் கண்ட பிறகும் அதே வட்டத்தில் அரை மணி நேரம் சுற்றும்? இரையென்றால் ஓடும், ஒளியும், மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். கிடக்கிற அந்த நேரத்தில்தான் பூனைக்கு ரத்தம் ஏறும். காதுகள் முன்னால் திரும்பும், பின்பக்கம் இப்படியும் அப்படியுமாக ஆடும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இந்தப் பொம்மைகளைச் செய்கிறவர்களுக்கு ஆட்டத் தெரிகிறது, நிறுத்தத் தெரியவில்லை. நடுவில் நின்று நின்று ஓடுகிற மாடலும் உண்டு என்பீர்கள். உண்டு. கடிகாரம் சொல்லி அது நிற்கும். பூனை பதுங்குகிறதா, கொட்டாவி விடுகிறதா என்று அது பார்ப்பதில்லை.

அந்தப் பந்து நேராகப் பூனையின் முகத்தை நோக்கி உருண்டு வருகிறதே, எந்த இரை அப்படி வரும்? அதோடு, ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிட்டால் பூனைக்குக் கண் தெளிவாகத் தெரியாது. மீசையை முன்னால் நீட்டித்தான் தடவிப் பார்க்கும். மோட்டார் சத்தம் வேறு. நம் காது ஒரு நொடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுவிடும். பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். நமக்குச் சத்தமே இல்லாத பொம்மை அதன் காதில் எப்படி இரைகிறதோ!

பிரிட்டனில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராட்ஷாவும் கூட இருந்தவர்களும் 2002-ல் இதையே சோதித்துப் பார்த்து எழுதினார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மூன்றாவது தடவைக்குள் பூனை சலித்துவிடுகிறது. உடனே வேறு மாதிரியான ஒன்றைக் கொடுத்தால் முதல் தடவையைவிட வெறியோடு பாய்கிறது. பூனை களைத்துவிடவில்லை. அடித்தும் கடித்தும் கொஞ்சம்கூட மாறாத பொருளை அது விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் மூன்று பொம்மைகளையும் ஒரே நேரத்தில் கூடத்தில் பரப்பி வைக்காதீர்கள். ஒன்றை வெளியே வையுங்கள், மற்ற இரண்டும் பீரோவுக்குள் கிடக்கட்டும்.

லேசர்தான் எனக்குப் பிடிக்காத சமாச்சாரம். லேசர் புள்ளியை ஓட்டிப் பூனைக்கு உடற்பயிற்சி தருவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா? பயிற்சி கிடைக்கும், மறுக்கவில்லை. வாயில்தான் ஒன்றும் கிடைக்காது. பதுங்கி, துரத்தி, பாய்ந்து, அமுக்கிய பிறகு பாதத்தைத் தூக்கிப் பார்த்தால் கீழே வெறும் தரை. 2021-ல் வந்த ஓர் ஆய்வில் 600-க்கும் மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். லேசரை அதிகம் காட்டும் வீடுகளில், நிழலையும் வெளிச்சத்தையும் துரத்துவது, ஒளிபட்ட இடத்தையே வெறித்துப் பார்ப்பது போன்ற பழக்கங்களும் அதிகமாகச் சொல்லப்பட்டன. லேசரால்தான் வந்தது என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனால் உங்கள் வீட்டுச் சுவர் முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே. எடுத்து உள்ளே வையுங்கள். ஆசையாக இருந்தால் என்றைக்காவது நீங்களே கையில் பிடித்து ஓட்டுங்கள். கடைசியில் புள்ளியைக் கொண்டுபோய் ஒரு கருவாட்டுத் துண்டின் மேல் நிறுத்துங்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன மாதம்தான் அப்பாவின் தையல் மெஷினை விற்றோம். அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருவிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் அப்பாவின் கடை. கடை என்றால் ஒரு திண்ணை, ஒரு பெடல் மெஷின், வெட்டுவதற்கு ஒரு பலகை. அங்கே ஒரு வரிப்பூனை இருந்தது. பெயரெல்லாம் வைக்கவில்லை, கடைப்பூனை என்போம். உங்கள் ஒன்பதாயிரம் ரூபாய் மெஷினுக்கு முன்னால் நான் பார்த்த பூனை மெஷின் அதுதான். சக்கரம் சுற்றும், தோல் பெல்ட் ஓடும், நூலைத் தூக்கி இறக்கும் கொக்கி மேலும் கீழுமாகப் போய்வரும். பூனை பலகை ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கொக்கியோடு தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். அப்பா திடீரென்று பெடலை நிறுத்துவார். பூனை அவர் முகத்தைப் பார்க்கும். அவர் வேறெங்கோ பார்ப்பார். பிறகு கால் பெருவிரலால் அரைச் சுற்று மட்டும் மிதிப்பார். பூனைக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்துக்கொள்ளும். பலகைக்கு அடியிலிருந்து ஒரு வெட்டுத்துணியின் நுனி ஒரு விரற்கடை வெளியே எட்டிப் பார்க்கும், நிற்கும், உள்ளே போகும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. கடைசியில் பாய்ந்து கவ்வியதும் துணியை விட்டுவிடுவார். “போ, உனக்குத்தான்” என்பார். அம்மா கொடுத்தனுப்பிய தூக்கில் காரப்பொடிக் குழம்பு இருந்தால் ஒரு மீனை அலசிப் போடுவார். கவ்வின கையோடு சாப்பாடு. எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்குப் பத்து வயசு. தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. தரையெல்லாம் துண்டு நூல். சாயங்காலம் கூட்டிப் பெருக்குவது என் வேலை. அன்றைக்குத் தேவனாம்பட்டினத்துக்குப் பையன்களோடு போய்விட்டேன்.

பூனையின் நாக்கை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், அரம் மாதிரி இருக்கும். அதிலுள்ள முட்கள் எல்லாம் தொண்டைப் பக்கம் சாய்ந்தவை. நூல் அதில் ஒட்டிக்கொண்டால் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். இரண்டு நாள் கடைப்பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது. பின்பக்கம் நீல நிறத்தில் ஒரு நூல் தொங்குவதை நான்தான் பார்த்தேன். உதவி செய்கிறேன் என்று பிடித்து இழுத்தேன். அது போட்ட சத்தத்தை எழுத எனக்கு வராது. அப்பா துணிப்பையில் போட்டு சைக்கிளில் தூக்கிக்கொண்டு போனார். போன இடத்தில், மாட்டுக்கு என்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் செத்துப்போய்க் கிடந்தது.

என்ன நடந்தது என்பதை முப்பது வருடம் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையின் வாசலிலோ மாட்டிக்கொள்கிறது. குடல் தள்ளத் தள்ள நூல் நகர்வதில்லை, குடல்தான் நூலின் மேல் ஏறிச் சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நூல் ரம்பம்போல் அறுத்துவிடும். அவர் படம் போட்டுக் காட்டத் தாளை எடுத்தார். வேண்டாம் என்றேன். பாவாடைக்குச் சுருக்கு வைக்கும்போது ஓட்டுத்தையல் போட்டு நூலை இழுப்பார்கள், துணி கொசகொசவென்று ஏறிக்கொள்ளும். அப்பாவுக்காக நூறு பாவாடைக்காவது அந்த நூலை இழுத்துக் கொடுத்தவன் நான்.

ஆகவே க., கேட்டுக்கொள்ளுங்கள். நூல், ரிப்பன், கிஃப்ட் பேப்பர் கட்டும் ஜிகினா, ஊசி கோத்த நூல், பூக்கட்டுகிற வாழைநார், எதையும் அவள் தனியாக இருக்கும்போது வெளியே வைக்காதீர்கள். குச்சிப் பொம்மை விளையாடி முடித்ததும் பீரோவுக்குள் போக வேண்டும். வாயிலோ பின்பக்கமோ நூல் தெரிந்தால் இழுக்கக் கூடாது, வெட்டவும் கூடாது, அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

அப்பா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அதற்கு மறுநாள் ஒரு பழைய பவுடர் டப்பாவின் மூடியைப் பிய்த்து, மெஷின் பலகையின் பக்கவாட்டில் ஆணி அடித்து மாட்டினார். அதன் பிறகு அவர் கடையில் ஒரு துண்டு நூல்கூடத் தரையில் விழுந்ததில்லை. பிறகு எத்தனையோ பூனைகள் வந்து அந்தப் பலகையில் உட்கார்ந்து கொக்கியைப் பார்த்துவிட்டுப் போயின.

நீங்கள் கேட்டது அந்த ஒன்பதாயிரம் ரூபாய் மெஷின் அல்லவா? வேண்டாம். அதில் கால்வாசிக்கு ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு ஜன்னலில் அகலமான பலகை ஒன்றும் கெட்டியான கம்பி வலையும் போடுங்கள். காக்கா பார்க்கட்டும், தெரு பார்க்கட்டும். ஏழு மணிக்கு வந்ததும் ஃபோனை எடுக்காமல் பத்து நிமிஷம் கிழிந்த துப்பட்டாவின் நுனியைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஆட்டுங்கள். ஆட்டுவதைவிட அதிக நேரம் நிறுத்துங்கள். பிறகு சோறு வையுங்கள். வாசலில் குப்பைமேனி முளைத்திருந்தால் வேரோடு பிடுங்கிக் கழுவிப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. ஏன் என்று மொச்சையே காட்டுவாள்.

மெஷினை வாங்கியவர் முதுநகர்க்காரர். வண்டியில் ஏற்றும்போது, அந்த டப்பாவும் சேர்த்துத்தானே சார் என்றார். இல்லை என்று சொல்லிக் குறடு எடுத்து ஆணியைப் பிடுங்கினேன். பலகையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.