320,000 வெள்ளி போர்ஷே: இப்போது விற்பதா, சிஓஇ ஏறும்வரை காத்திருப்பதா?

கேள்வி: 2021 மார்ச்சில் புதிதாகப் பதிவுசெய்த போர்ஷே 911 கரேரா எஸ் என்னிடம் இருக்கிறது. எல்லாம் சேர்த்து 520,000 வெள்ளி கொடுத்தேன். ஓஎம்வி (சுங்கத்துறை மதிப்பிட்ட இறக்குமதி விலை) 120,000, சிஓஇ (காரைப் பத்து ஆண்டு வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) 50,000. சென்ற ஆண்டு ஒரு கடையில் 380,000 தருவதாகச் சொன்னார்கள். இந்த ஆண்டு, 2025 நவம்பரில், அதே கடையில் 320,000தான் என்கிறார்கள். இன்னொரு கடைக்காரர், கன்சைன்மென்ட்டில், அதாவது வண்டியை என் பெயரிலேயே வைத்து அவர் கடையில் விற்பனைக்கு விட்டால், 345,000க்கு விற்றுத் தருவதாகவும் 5,000 கட்டணம் என்றும் சொல்கிறார். சிஓஇ மறுபடி ஏறும், ஒரு வருடம் பொறுத்திரு என்கிறார் நண்பர். ஐந்து வருடம் முடிவதற்குள் விற்றுவிடு என்கிறார் மைத்துனர். மகளின் மேற்படிப்புக்கு அடுத்த ஆகஸ்ட்டில் பணம் தேவை. என்ன செய்யலாம்? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: உங்கள் வண்டியின் விலையை ஒரே தொகையாகப் பார்ப்பதால்தான் 60,000 வெள்ளி ஒரே ஆண்டில் போய்விட்டதே என்று மனம் பதறுகிறது. சிங்கப்பூரில் எந்தக் காரின் விலையும் இரண்டு பங்குகளைக் கொண்டது. ஒன்று, இன்றைக்கே பதிவை நீக்கினால் நிலப் போக்குவரத்து ஆணையம் திருப்பித் தரும் தொகை. கடைக்காரர்கள் இதைப் பேப்பர் வேல்யூ என்பார்கள். மற்றது, அதற்கு மேல் சந்தை தரும் தொகை. சந்தை தளரும்போது அடி விழுவது இரண்டாவது பங்கில் மட்டும்தான்.

முதல் பங்கைக் கணக்கிடுவோம். 2021இல் நடப்பில் இருந்த விகிதப்படி, ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடும் அடுத்த 30,000க்கு 140 விழுக்காடும் அதற்கு மேற்பட்டதற்கு 180 விழுக்காடும் கூடுதல் பதிவுக் கட்டணமாக, அதாவது ஏஆர்எஃப் ஆக, வசூலிக்கப்பட்டது. உங்கள் வண்டிக்கு அது 188,000 வெள்ளி. ஐந்து ஆண்டுக்குள் பதிவை நீக்கினால் அதில் 75 விழுக்காடு, 141,000 வெள்ளி, பார்ஃப் தள்ளுபடியாகத் திரும்பும். சிஓஇயில் 120 மாதங்களில் 56 கழிந்து 64 மீதமிருப்பதால் அந்த வகையில் 26,667. இரண்டும் சேர்ந்து 167,667 வெள்ளி. ஆக, கடைக்காரர் சொல்லும் 320,000இல் பாதிக்கும் சற்று அதிகமான தொகையைச் சந்தையால் தொடவே முடியாது. மீதமுள்ள ஏறத்தாழ 152,000 வெள்ளியைப் பற்றித்தான் நீங்களும் நானும் பேச வேண்டியிருக்கிறது.

பழைய கார் வாங்குபவர் முதலில் கேட்பது மொத்த விலையை அல்ல, டெப்ரே, அதாவது ஆண்டுத் தேய்மானம், எவ்வளவு என்பதை. கொடுக்கும் விலையிலிருந்து பத்தாம் ஆண்டு முடிவில் கையில் நிற்கும் பார்ஃப் தொகையைக் கழித்து, மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுத்தால் வருவது அது. உங்கள் வண்டிக்குப் பத்தாம் ஆண்டில் ஏஆர்எஃப்பில் 50 விழுக்காடு, 94,000 வெள்ளி நிற்கும். 320,000இலிருந்து அதைக் கழித்து 64 மாதங்களுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 42,375 வெள்ளி. சென்ற ஆண்டு சொன்ன 380,000ஐ இதே முறையில் பிரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000. அதாவது, இடைப்பட்ட 60,000 வெள்ளி வீழ்ச்சியில் 45,000, வண்டி ஒரு வயது கூடியதற்கான வழக்கமான தேய்மானம். சந்தை தளர்ந்ததால் நீங்கள் இழந்தது சுமார் 15,000. அதுவும் சிறு தொகை அல்ல. ஆனால் 60,000 என்று நினைத்துக்கொண்டு எடுக்கும் முடிவும் 15,000 என்று தெரிந்து எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்காது.

வாங்கிய நாளிலிருந்து இதுவரை நீங்கள் இழந்தது 200,000 வெள்ளி. ஆண்டுக்கு ஏறத்தாழ 42,900. இனி வைத்திருந்தாலும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் குறையும். ஆகவே, இதுவரை பெரும்பகுதி கரைந்துவிட்டது, இனிமேல் மெதுவாகத்தான் கரையும் என்ற ஆறுதல் இந்த வண்டிக்குப் பொருந்தாது.

இப்போது நண்பரின் யோசனை. சிஓஇ ஏறினால் பழைய வண்டியின் விலையும் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு ஏறும் என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அடுத்த நவம்பரில் உங்களிடம் 52 மாத சிஓஇ மிஞ்சியிருக்கும். உங்கள் வண்டி போன்ற பெரிய கார்களுக்கான பிரிவு ‘பி’ சிஓஇ 10,000 வெள்ளி உயர்ந்தால், உங்கள் வண்டியில் அதன் தாக்கம் 120இல் 52 பங்கு, அதாவது 4,333 வெள்ளி. ஓர் ஆண்டுத் தேய்மானமான 42,375ஐ ஈடுகட்ட வேண்டுமானால் சிஓஇ ஏறத்தாழ 98,000 வெள்ளி உயர வேண்டும். இன்றைய நிலையை 120,000 என்று வைத்துக்கொண்டால் 218,000ஐத் தொட வேண்டும். 2023 அக்டோபரில் இதே பிரிவு 150,001 வெள்ளியை எட்டியபோது ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. போதாததற்கு, 2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளில் 20,000 வரை கூடுதல் சான்றிதழ்கள் விடப்படும் என்று ஆணையம் அறிவித்திருக்கிறது. காத்திருந்து லாபம் பார்ப்பது நடக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

மைத்துனர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 2026 மார்ச்சில் ஐந்து ஆண்டு கடந்ததும் பார்ஃப் 75 விழுக்காட்டிலிருந்து 70க்கு இறங்கி 9,400 வெள்ளி குறையும். ஆனால் அது பதிவை நீக்குபவருக்குத்தான் நேரடி இழப்பு. உங்களிடம் வாங்குபவர் ஓட்டுவதற்காக வாங்குகிறார். அவருடைய கணக்கில் இருப்பது பத்தாம் ஆண்டின் 94,000தான், அது மார்ச்சுக்கு முன்னும் பின்னும் மாறாது. கடைக்காரர் மட்டும், வண்டி விற்காமல் தங்கிவிட்டால் தமக்கு மிஞ்சும் அடிமட்டம் இறங்குகிறது என்பதால் கொஞ்சம் பின்வாங்குவார். அந்தத் தேதியைக் கண்டு பதறி, வந்த விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் பக்கம் பலமான ஒரு விஷயம் இருக்கிறது; விற்பவர்களே பல நேரம் இதை எடுத்துச் சொல்வதில்லை. 2023 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் ஏஆர்எஃப் விகிதம் 320 விழுக்காடு வரை உயர்ந்தது. பார்ஃப் தள்ளுபடிக்கு 60,000 வெள்ளி என்ற உச்சவரம்பும் வந்தது. அந்த விதியின்கீழ் பதிவான, உங்கள் வண்டியைப் போலவே 120,000 ஓஎம்வி கொண்ட கார் ஒன்றுக்கு ஏஆர்எஃப் 264,000 வெள்ளி. எத்தனை ஆண்டில் பதிவை நீக்கினாலும் திரும்புவது அதிகபட்சம் 60,000. பத்து ஆண்டில் அதன் உரிமையாளருக்கு வரியாகவே 204,000 போய்விடும். உங்கள் வண்டிக்கு அதே கணக்கில் போவது 94,000. ஆண்டுக்கு 11,000 வெள்ளி வித்தியாசம்! விலை இன்னும் கீழே போகாமல் தாங்கிப் பிடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வண்டியின் பதிவு விவரங்கள் அடங்கிய லாக் கார்டில் குறைந்தபட்ச பார்ஃப் தொகை அச்சாகியிருக்கும். வாங்க வருபவரிடம் அந்த வரியை முதலில் காட்டுங்கள்.

மாடலும் உங்களுக்குச் சாதகம். 2024இல் வந்த புதுப்பிக்கப்பட்ட 911இல் நடுவில் இருந்த முள் வைத்த டாக்கோமீட்டர் போய், கருவிப் பலகை முழுவதும் திரையாகிவிட்டது. இயந்திரத்தைத் திருகி இயக்கும் குமிழுக்குப் பதில் பொத்தான். பழைய அமைப்பையே தேடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அதற்காகப் பெரிய தொகை கூடக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது பேரம் சுலபமாகும், அவ்வளவுதான்.

கன்சைன்மென்ட்டுக்கு வருவோம். 345,000க்கு விற்றால் கட்டணம் போக 340,000. நேரடி விலையைவிட 20,000 அதிகம். ஆனால் அந்த விலையில் வாங்குபவரின் டெப்ரே ஆண்டுக்கு 47,000. விளம்பரத் தளங்களில் 2020 முதல் 2022 வரை பதிவான கரேரா எஸ் வண்டிகளை ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள். அவை 44,000, 45,000 டெப்ரேயில் விற்காமல் நின்றுகொண்டிருந்தால் 345,000 என்பது கடைக்காரரின் ஆசை, சந்தை விலை அல்ல. விளம்பரத்தில் போட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். வாங்குபவரின் சிரமமும் உண்டு: ஓஎம்வி 20,000க்கு மேற்பட்ட காருக்கு 60 விழுக்காடுதான் கடன் கிடைக்கும் என்பதால், 345,000 வெள்ளி வண்டிக்கு 138,000 ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஏராளமாக இல்லை. வண்டி கடையில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் 320,000இல் 3,500 குறைகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 வெள்ளி சாலை வரியும், காப்புறுதியும் தனி. மூன்று மாதம் நின்று விற்காமல் திரும்பினால் அடுத்துக் கிடைக்கும் விலை 309,000க்கு அருகில் இருக்கும்.

எனவே என் யோசனை இது. முதலில் இன்னும் இரண்டு கடைகளில், முடிந்தால் ஒரே நாளில், விலை கேளுங்கள். மதிப்பிடுபவர் எப்படிப் பார்ப்பார் என்று தெரிந்துகொண்டு போங்கள். முன் பம்பரின் கீழ் உதட்டில் விரலை ஓட்டுவார். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடச் சரிவுகளில் உரசிய தடம் அங்கேதான் இருக்கும். பிறகு வண்ணப் பூச்சின் தடிமனை அளக்கும் கருவியைப் பின் சக்கர வளைவில் வைத்துப் பார்ப்பார். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படிப்பார்; 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள், உடனே புது டயர் செலவைக் கழிப்பார். உதட்டையும் டயரையும் விற்பதற்காக மாற்றாதீர்கள். செலவு முழுவதும் திரும்பாது. பராமரிப்புப் பதிவேட்டையும் இரண்டு சாவிகளையும் மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கடன் பாக்கி இருந்தால், நிதி நிறுவனத்திடமிருந்து முழுத் தீர்வுத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு கன்சைன்மென்ட்டுக்கு ஜனவரி இறுதிவரை மட்டும் கெடு கொடுங்கள். 335,000க்கு வாங்க ஒருவர் வந்தாலே தயங்காமல் சம்மதியுங்கள். கட்டணம் போக 330,000 கைக்கு வரும். பிப்ரவரி முதல் வாரம்வரை முன்பணம் கட்டி யாரும் உறுதிசெய்யவில்லை என்றால் அதிக விலை சொன்ன கடைக்கு நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். அப்போது 310,000 அளவில் கிடைத்தாலும் அது நியாயமான விலைதான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே பணம் வங்கியில் இருக்கும்.