அண்ணா, எந்த பிராஞ்ச் எடுக்கட்டும்?

அன்புள்ள ஐயா,

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாமாண்டு படிக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவன். ரிசல்ட் வந்துவிட்டால் பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகள் வீட்டுக்கே வந்து, 'அண்ணா, எந்த பிராஞ்ச் எடுக்கட்டும்?' என்று கேட்கிறார்கள். போன வருஷம் ஒரு தம்பியிடம் 'சி.எஸ். (கம்ப்யூட்டர் சயின்ஸ்) எடு, வேலை நிச்சயம்' என்றேன். முதல் செமஸ்டரிலேயே மேட்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றிலும் அவனுக்கு அரியர். அவன் அம்மா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இனி யாருக்கும் எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்படி இருந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உங்களை விட்டால் கேட்க ஆள் இல்லை.

முதலில் அந்த மூன்று அரியரைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் எல்லா பிராஞ்சுக்கும் பொது. சிவில் எடுத்திருந்தாலும், உங்களோடு மெக்கானிக்கலுக்கு வந்திருந்தாலும் அவன் இதே மூன்று தாள்களைத்தான் எழுதியிருப்பான். அரியருக்குக் காரணம் பிராஞ்ச் இல்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால், பாதி சிக்கல் ஆங்கிலத்தில் கேள்வியைப் புரிந்துகொள்வதிலேயே இருக்கும். அதை நீங்களும் தாண்டித்தான் வந்திருப்பீர்கள்.

நீங்கள் சொன்னதில் தவறு ஒன்றுதான்: 'வேலை நிச்சயம்.' நான்கு வருஷம் கழித்து வேலைச் சந்தை எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது வேறு. மூன்றாவது செமஸ்டரில் தெர்மோடைனமிக்ஸும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் சேர்ந்து வந்தபோது எப்படி இருந்தது? லேத் முன்னால் நின்ற முதல் நாள் பிடித்திருந்ததா, கால் வலித்ததா? அதைச் சொல்லுங்கள். சி.எஸ். பற்றிக் கேட்டால், அங்கே படிக்கும் நண்பர் ஒருவரிடம் போனைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் என்று நினைத்து வருகிறவர்களுக்கு மூன்றாவது செமஸ்டரில் டிஸ்க்ரீட் மேத்ஸ் காத்திருக்கிறது என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

நான் 2001-இல் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போனேன். அப்போதெல்லாம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கே நேரில் போக வேண்டும். 2018-இல்தான் ஆன்லைனுக்கு மாறியது. வெளியே டீ குடிக்கும் இடத்தில் சிவில் படிக்கும் ஒரு அண்ணன் நின்றிருந்தார். சர்வே வகுப்பில் காலை முழுக்க வெயிலில் கருவியைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பற்றிச் சொன்னார். எனக்கு ஆசையாக இருந்தது. பக்கத்தில் நின்ற பையன் அதைக் கேட்டே சிவிலை விட்டுவிட்டான். இரண்டு பேருக்கும் அவர் நல்லதுதான் செய்தார். 'எடு' என்றோ 'எடுக்காதே' என்றோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் சில விஷயங்களை நீங்கள் அடித்தே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது கவுன்சிலிங்கில் வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் பட்டியல் போடும்போது, பிள்ளைகள் பயந்துபோய், 'கண்டிப்பாகக் கிடைக்கும்' என்று நினைக்கும் கல்லூரியை முதலில் போடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். ரேங்க் வரிசையில் ஒவ்வொருவருடைய பட்டியலையும் மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். எட்டாத கல்லூரியை மேலே போடுவதால் ஒரு இழப்பும் இல்லை. கிடைத்துவிடும் கல்லூரியை மேலே போட்டால், அதற்குக் கீழே இருக்கும் எதையும் யாரும் பார்க்கப் போவதில்லை. பிடித்தது மேலே, அவ்வளவுதான். பட்டியலைப் பூட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து அதில் இடம் பெறுகிறவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இது தெரியாமல், 'பஸ்ஸில் போய் வர முடிகிற கல்லூரி போதும்' என்று முடிவு செய்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. பெற்றோரிடமே நேராகப் பேசுங்கள்.

சரி, அந்தத் தம்பி. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய மேட்ஸ் நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போங்கள். மூன்றையும் ஒன்றாகத் தொட வேண்டாம். மேட்ஸில் மேட்ரிக்ஸ் பகுதியை மட்டும் முதலில் முடித்துக் கொடுங்கள். அவன் அம்மாவிடம், இது சி.எஸ். எடுத்ததால் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்.