பழைய காரின் கதவு தொங்குகிறது, மூடினால் பொருந்தவில்லை. கீலை மாற்றினால் சரியாகுமா?

கீலைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. கதவைப் பாதி திறந்து, கைப்பிடி இருக்கும் முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள். கதவு மட்டும் ஆடி, பில்லர் (கீல் பொருத்தியிருக்கும் தூண்) அசையாமல் நின்றால் கீலின் அச்சுக் கம்பியும் (pin) அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற உறையும் தேய்ந்திருக்கின்றன. அவற்றை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

ஆட்டமே இல்லை, ஆனால் பின் விளிம்பின் இடைவெளி மேலே நெருங்கி, கீழே விரிந்திருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் கதவில் குறையில்லை, பாடிதான் நடுவில் இறங்கியிருக்கிறது. தேய்ந்த கீலும் இதே தோற்றத்தைத்தான் தரும். அதனால்தான் பலர் கீலை வளைத்து, பிரச்சினையை இரண்டாக்கிவிடுகிறார்கள்.

தனிச் சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) உள்ள வண்டியில், பாடி அதன்மேல் உட்காரும் இடங்களில் இருக்கும் பாடி மவுண்ட் ரப்பர்களைப் பாருங்கள். நசுங்கியதை மாற்றி, நடு மவுண்ட்டில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தால் கதவின் மேல் இடைவெளி விரியும். ஒவ்வொன்றாகச் சேர்த்து, போல்ட்டை இறுக்கி, கதவை மூடிப் பார்க்க வேண்டும். வண்டி நான்கு சக்கரத்திலும் சமதளத்தில் நிற்கட்டும். ஜாக்கில் தூக்கி வைத்து அளந்தால் அளவு பொய் சொல்லும்.

கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ (sill) என்ற பாடிப் பகுதி துருப்பிடித்திருந்தால் ஷிம்மால் பயனில்லை. அதை வெட்டும் முன், கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் செய்யுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். வெட்டியபின் பாடி மடங்கினால் மீட்பது மிகக் கடினம்.

அப்புறம், சரிபார்க்கும்போது ஸ்ட்ரைக்கரையும் (கதவின் பூட்டு மாட்டும் கொக்கி) கதவு வாசலைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கையும் கழற்றிவிடுங்கள். இரண்டும் கதவைத் தள்ளி உண்மை நிலையை மறைக்கும். நான்கு கதவு வண்டியில் பின்கதவை முதலில் பொருத்தி, அதை வைத்து முன்கதவு, கடைசியில் ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு).