டேங்கர் லாரிக்கு மாறும் முன்: வாசகர் கேள்வி – பதில்

ஹெவி லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. சங்ககிரியில் பெட்ரோல் டேங்கரில் சேர என்னென்ன வேண்டும்? (ஓமலூர் வாசகர்)

ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. பெட்ரோல், டீசல், கேஸ், ஆசிட் எதை ஏற்றினாலும், மத்திய மோட்டார் வாகன விதி 9-ன்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் 3 நாள் அபாயகரப் பொருள் வகுப்பு முடிக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் லைசென்ஸில் பதிவு போட வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பதிவு 3 ஆண்டு செல்லும்.

தமிழ் போன்ற ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்கிறது அதே விதி. காரணம் இருக்கிறது. டேங்கில் இருக்கும் எமர்ஜென்சி பலகையில் பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202 என்று சரக்கை அடையாளம் காட்டும் எண் இருக்கும். கேபினில் ட்ரெம் கார்டு (விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அட்டை) இருக்கும். வண்டி கவிழ்ந்தால் தீயணைப்பு வீரர்கள் முதலில் பார்ப்பது இந்தப் பலகையைத்தான். நேற்று வேறு சரக்கு ஏற்றிய பலகை இன்றும் மாட்டியிருந்தால் அவர்கள் தவறான முறையில் இறங்குவார்கள். கிளம்பும் முன் பில், பலகை, கார்டு மூன்றும் ஒரே சரக்கைச் சொல்கிறதா என்று பாருங்கள்.

ஆறு மாத அனுபவத்தில் தனியாக வண்டி கேட்காதீர்கள். செகண்ட் டிரைவராக ஏறுங்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் டெப்போ (எண்ணெய் ஏற்றும் கிடங்கு) நடைமுறை, வண்டிக்குப் போடும் சீல், டிப் (கோல் விட்டு சரக்கின் அளவு பார்ப்பது) எல்லாம் அங்கேதான் பிடிபடும்.

முதலில் பால் டேங்கரில் கை பழகிவிட்டு எண்ணெய்க்கு வந்தால் சுலபம் என்கிறார்களே? (ஆத்தூர் வாசகர்)

பால் தீப்பிடிக்காது, அவ்வளவுதான். ஓட்டுவதற்குப் பால் வண்டி இன்னும் கடினம்.

எண்ணெய் டேங்க் பல சேம்பராக, அதாவது தனித்தனி அறையாகப் பிரிந்திருக்கும். 12 ஆயிரம் லிட்டர் வண்டியில் பொதுவாக 4 ஆயிரம் வீதம் மூன்று. நடுவில் ஓட்டை போட்ட குறுக்குத் தகடுகளும் இருக்கும். சரக்கு முன்னும் பின்னும் பாய்வதை இவை தடுக்கும். பால் டேங்கில் பெரும்பாலும் இந்தத் தகடு இருக்காது. வைத்தால் மூலையில் பால் தேங்கிக் கெட்டுப்போகும், கழுவவும் முடியாது. போதாக்குறைக்கு ஊர் ஊராகச் சேகரிக்கும்போது டேங்க் பாதி நிறைந்த நிலையில்தான் அதிக தூரம் ஓடுகிறது. பாதி டேங்க்தான் மோசம். நிறைந்ததில் ஆட இடமில்லை, காலியில் ஆட சரக்கில்லை.

பிரேக் போட்டால் பால் முன்தகட்டில் மோதி வண்டியை இன்னொரு தள்ளு தள்ளும். சிக்னலில் நின்றவுடன் காலை எடுத்தால் முன்னால் நிற்கும் பைக்கின் மேல் போய்விடுவீர்கள். அலை அடங்கும்வரை பிரேக்கை மிதித்தே இருங்கள், ஹேண்ட் பிரேக்கும் போடுங்கள்.

பக்கவாட்டு ஆட்டத்தைக் குறுக்குத் தகடும் தடுக்காது, எண்ணெய் வண்டியிலும் இதே கதைதான். கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் இடது ஒடித்து உடனே வலது ஒடிக்கும்போது, முதல் வளைவில் வெளிப்பக்கச் சுவரில் ஏறிய சரக்கு திரும்பி வரும் வேகமும் இரண்டாவது வளைவின் தள்ளலும் ஒன்று சேரும். பல வண்டிகள் கவிழ்வது இப்படித்தான். வளைவுக்கு முன், நேர் ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்து கியரை இறக்குங்கள். வளைவுக்குள் பிரேக் வேண்டாம். ஓவர்டேக் செய்யும்போதும் வெடுக்கென்று வெளியேறி வெடுக்கென்று உள்ளே வராதீர்கள்.

ஏற்காடு பெட்ரோல் பங்குக்கு லோடு போனால் எதில் கவனம் வேண்டும்? (அஸ்தம்பட்டி வாசகர்)

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது கியரை வளைவுக்கு முன்பே இறக்கிவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் மாற்றத் தடுமாறினால் வண்டி பின்னால் உருளும். வழியில் பாதியை இறக்கிவிட்டுப் போவதானால் கடைசி சேம்பரை முதலில் காலி செய்யுங்கள். பின்னால் மட்டும் எடை இருந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங்குக்கு வண்டி திரும்பாது.

இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது), தாழ்ந்த கியர். வேகம் கூடினால் ஒரு தடவை உறுதியாக மிதித்துக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். மிதித்தபடியே இறங்கினால் பிரேக் டிரம் சூடாகி விரியும், பிரேக் லைனிங் பிடிக்காது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் தருமபுரிப் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் இறங்குகிறவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதில் எஞ்சின் பிடிமானமும் போய், எக்ஸாஸ்ட் பிரேக்கும் பயனற்றுப் போகும். காலி வண்டிக்கு வேறு தொல்லை: மழையில் கொஞ்சம் அழுத்தினாலே சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

பங்கில் இறக்கும்போது என்ன தவறு நடக்கிறது? (எடப்பாடி வாசகர்)

அவசரம்தான் முதல் தவறு. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினையும் மாஸ்டர் ஸ்விட்சையும் அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நிலை மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கிளிப்பை ஹோஸுக்கு முன்பே மாட்ட வேண்டும். பெயின்ட் மேல் மாட்டினால் பலனில்லை, வெறும் இரும்பில் கடிக்க வேண்டும். கழற்றும்போது ஹோஸ் முதலில், எர்த் கடைசியில். சரக்கு அடங்கப் பத்து நிமிடம் விட்டு டிப், டென்சிட்டி (அடர்த்தி) பாருங்கள். நிலத்தடி டேங்கில் இடம் இருக்கிறதா என்று டீலர் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாமல் டிப் ராடு விட்டுப் பாருங்கள். பெட்ரோல் குழாயில் டீசல் மாறிப் போனால் அந்த டேங்கைக் காலி செய்ய வேண்டிவரும், யார் பணம் கட்டுவது என்ற பஞ்சாயத்து தனி. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் தண்ணீர் கொஞ்சம் சேர்ந்தாலும் எத்தனால் பிரிந்து அடியில் இறங்கிவிடும். மழையில் டேங்க் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். இடி மின்னல் இருந்தால் இறக்கவே வேண்டாம்.

காலி டேங்கில் சின்ன வெல்டிங் வைக்கலாமா? (சங்ககிரி வாசகர்)

கூடாது. நிறைந்த பெட்ரோல் டேங்கைவிடக் காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் வெடிக்கும் அளவில் கலந்திருக்கும். ஆசிட் டேங்கிலும் மிச்ச ஆசிட் இரும்பை அரித்து ஹைட்ரஜனை உண்டாக்கும். நீராவியிட்டுக் கழுவி, வாயு அளக்கும் கருவியால் சோதித்து, வாயு இல்லை என்று சான்று கையில் வந்த பிறகுதான் பட்டறைக்கு விட வேண்டும். ‘தண்ணி ஊத்திக் கழுவியாச்சுண்ணே’ என்று கிளீனர் சொல்வது சான்று ஆகாது.